முதுகு காட்டக் கூடாத மகால்

சந்திரகிரிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்களை, அடுத்த குன்றின் அடியில் இருக்கும் சின்ன மகாலுக்கும் நாங்கள் கூட்டிப்போவோம். அன்று மதியம் திருப்பதியிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. மழை வருகிற மாதிரி வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

கைடு வேலையில் அன்றுதான் எனக்கு முதல் நாள். அதற்கு முன் அது என் நைனாவின் வேலை. மகாலின் மாடியில் ராஜா உட்கார்ந்த மேடை ஒன்று இருக்கிறது. அதற்கு முதுகு காட்டக் கூடாது, சந்நிதியிலிருந்து வருவதுபோலப் பின்னால் நடந்தே வெளியே வர வேண்டும் என்பது இங்குள்ள கைடுகளின் பழக்கம். போன வருடம் அப்படி நடந்துதான் நைனா படியில் உருண்டார். இடுப்பு ஒடிந்து இன்னும் கட்டிலில் கிடக்கிறார். அந்த மேடைக்கு நான் முதுகைத்தான் காட்டுவேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் ராஜா, மந்திரி என்றெல்லாம் பார்ப்பதில்லை.

மாடியில் நின்று கதையை ஆரம்பித்தேன். "ஹம்பி விழுந்து, பெனுகொண்டாவும் தாங்காம, விஜயநகர ராஜாங்க இந்தப் பக்கம் வந்தாங்க..."

சொல்லி முடித்து, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

மாடியில் எப்போதும் அடிக்கும் வௌவால் நாற்றம் சட்டென்று நின்றது. ஈரச் சந்தனத்தின் வாசனை வந்தது.

என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"இடு திருகு."

தெலுங்கு. இந்தப் பக்கம் திரும்பு என்கிறது.

நான் திரும்பவில்லை. எதிரே பார்த்தேன். அந்தக் குடும்பமே மேடையைப் பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தது. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டு மருமகள் பிரேமலதாதான் படிக்கு மிக அருகில் இருந்தாள். நிறைமாத வயிறு. குதிகால் படியின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"அக்கா, நானா நடக்கல," என்று என்னிடம் கிசுகிசுத்தாள். "யாரோ தள்ளிக்கினு கீறாங்க."

"இடு திருகு."

ஓடிப்போய் அவளை இரண்டு கையாலும் பிடித்தேன். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

திரும்பாமலே சொன்னேன். "எங்க நைனா இடுப்ப ஒடச்சது போதும். உன் ராஜ்யம் போயி எத்தினி காலமாச்சு. இப்ப டிக்கெட் வாங்கினவங்கதான் இங்க ராஜா. ஜருகண்டி."

திருமலை வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். நகரச் சொல்லி விரட்டுவது. பெருமாள் முன்னாலேயே ஒரு நிமிஷம் நிற்க விடமாட்டார்கள், இவர் எம்மாத்திரம்?

பிரேமலதாவைத் தள்ளிய கை விட்டது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எல்லோரையும் முன்னால் பார்த்து நடக்கவைத்து, கீழே அனுப்பினேன்.

கடைசியாக நான் இறங்கினேன். மாடியில் யாருமில்லை.

ஆனாலும் ஒரு படி மேலே, கனத்த செருப்பின் சத்தம் கேட்டது.

நான் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. வேன் வரைக்கும் வந்தது. இப்போதும் வருகிறது, மார்க்கெட்டுக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, வீட்டு வாசல் வரைக்கும். நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

எனக்குப் பின்னால் நடந்து பழகட்டும்.