கட் சொல்லாத ஷாட்

அந்தப் பேய்ப் படத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும் எனக்குச் சண்டை போடத்தான் தோன்றும். குப்பை என்றாலும் கோபம் வரும், காவியம் என்றாலும் கோபம் வரும். தயாரிப்பாளர் பாதியிலேயே டைரக்டரைத் துரத்திவிட்டு, நடுவில் காமெடி டிராக்கைச் செருகி, வேறொருவரை வைத்துக் கிளைமாக்ஸ் எடுத்துப் பேயைச் சாம்பலாக்கிவிட்டார். படமே அலங்கோலம். ஆனால் அந்த நடைவழிக் காட்சி ஒன்று போதும். கோடியில் ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்பாள், அவ்வளவுதான். அதற்காகவே இன்றைய இளசுகள் தியேட்டர் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

நிற்பது என் அக்கா.

கடைசியில் திரும்பும் முகம் வேறொருத்தியுடையது. பிறகு எடுத்து ஒட்டியது. "நான் கட் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாதும்மா" என்று அக்காவிடம் சொல்லியிருந்தாராம் டைரக்டர். அந்த ஷாட் ஓடும்போதுதான் அவரை வெளியே இழுத்துப் போனார்கள். வீட்டுக்கு வந்த அக்கா சுவரைப் பார்த்தே நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். போட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் அவள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

நான் எடிட்டர். வெட்டி எறிந்த ரோல் ஒன்று ஸ்டூடியோ குடோனில் கிடைத்ததென்று தெரிந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். நல்ல மத்தியானம். கெட்டுப்போன பிலிமின் புளித்த வாடை புரொஜக்‌ஷன் அறையெங்கும் அடித்தது. திரையில் அக்காவின் முதுகு. யாரோ கத்துகிறார்கள், நாற்காலி விழுகிறது, செட் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

அவள் அசையவில்லை.

"இதுல கட் சொன்ன சத்தமே இல்லையே மேடம்," என்றார் ஆபரேட்டர்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் திரையைத் தொட்டேன்.

"போதும்க்கா. வீட்டுக்கு வா."

அவள் தோள் லேசாக அசைந்தது. ரோல் முடிந்துவிட்டது.

வீட்டுக்கதவைத் திறந்ததுமே அதே புளித்த வாடை. கணவர் முகம் வெளிறிப்போய் சமையலறை வாசலில் நின்றார்.

"யாரு அது?" என்று கிசுகிசுத்தார். "எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறாங்க."

நடைவழிக் கோடியில் இருட்டு. இருட்டில் ஒரு முதுகு.

எனக்கா தெரியாது அந்த முதுகை?

ஒரே ஒரு சொல்தான். சொன்னால் திரும்பிவிடுவாள். இத்தனை வருஷமாக நான் ஏங்கிய முகம்.

இத்தனை வருஷமாக மண்ணுக்குள் கிடந்த முகம்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் காத்திருந்தாள்.

காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.