மணிமுத்து எடுத்த சாடி

குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. வாய் கொப்பளித்த சுகந்தி சற்று நின்று, மறுபடியும் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். குற்றாலத்தில், அருவிக்கு நாலு தெரு தள்ளி, ஆனிச் சாரல் ஓட்டில் சொட்டிக்கொண்டிருக்கும் பிற்பகலில், கடல்தண்ணீர்.

கூடத்தில் செய்தித்தாள்மேல் உடைந்த பீங்கான் சில்லுகள் பரப்பிக் கிடந்தன. எழுநூறு வருஷத்துக்கு முன் சீனத்திலிருந்து கிளம்பி, கிழக்குக் கரைத் துறைமுகத்தை எட்டும் முன்பே மூழ்கிப்போன கப்பலின் சரக்கு. அகழாய்வுக் குழு அனுப்புவதைக் கழுவி, காயவைத்து, எண் எழுதுவது அவள் வேலை. மூன்று நாளாக ஒன்றுகூடக் காயவில்லை.

நடுவில் அந்தச் சாடி. அவள் புருஷன் மணிமுத்து குழுவுக்காகக் கடலடியில் தேடி எடுத்தது. அதைப் படகில் ஏற்றிவிட்டு மறுபடி முங்கியவன் மேலே வரவில்லை. நாற்பது நாளாகிறது. உடம்பும் கிடைக்கவில்லை.

வாசலில் குடையை மடக்கினாள் மாமியார் ஆவுடையம்மாள்.

“ஏட்டி, நாளைக்கி ஐயரு வாராரு. தர்ப்பையில அவன் உருவத்தைச் செஞ்சு எரிச்சிருவோம். எம்புள்ள எத்தன நாளைக்குட்டி தண்ணிக்குள்ளயே கெடப்பான்?”

“அவுக வருவாக, அத்தை.”

ஆவுடையம்மாள் அவள் தலையைத் தடவிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்தியதும் சாரல் ஓய்ந்தது போலிருந்தது. பாசியும் ஊறிய மரமும் கலந்த வாடை கூடமெங்கும் எழும்ப, சாடிக்குள் ஏதோ மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, விளிம்பில் தளும்பியது. முழங்கை ஆழச் சாடி. போன வாரம்தான் சேற்றைச் சுரண்டி, துடைத்து வைத்திருந்தாள்.

கையை விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. தோள்.

அடி தட்டவில்லை.

விரல்கள் அவள் விரல்களைப் பற்றின. ஊறிச் சுருங்கி, சில்லென்று. ஆனால் அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். பண்பொழி முருகன் கோயில் மலைப்படியில், கூட்டத்தில் அவள் தவறிவிடக் கூடாதென்று பிடித்துக்கொண்டே ஏறிய பிடி.

“வந்துட்டீகளா?” சாடியின் வாயருகே குனிந்தாள். “பிடிச்சிக்கிடுங்க. விட்டுறாதீக.”

இழுத்தாள். கொஞ்சம் வந்தான்.

இன்னொரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. எலும்பு. சிப்பி அப்பிய எலும்பு. பிறகு இன்னொன்று. அந்தக் கப்பலோடு போனவர்கள்.

மணிமுத்துவின் கை பதறியது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவளை மேலே தள்ளியது.

சுகந்தி விடவில்லை. கன்னம் விளிம்பில் அழுந்த, அவன் விரல்களையே இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையைத் தாண்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, அந்தக் கைகள் ஏறிவந்துகொண்டிருந்தன.