பூட்டுக்காரரின் பிடி

"மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறு பிழை. ஆறு மணிக்குப் பூட்டுக்காரர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். வகுப்பு முடிய நேரமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது. முறைப்பட்டியலில் ஆறு என்றே எழுதிவிட்டேன். திருத்த வேண்டும்."

இதை எழுதியவன் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். பகல் முழுக்க அடுத்தவர் பிழைகளைச் சிவப்பு மையால் வளைத்துவிட்டு, மாலையில் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போவான். தினமும் பத்து வரியாவது எழுதிப் பழகுங்கள் என்று வகுப்பில் சொன்னதால் ஆரம்பித்த நோட்டு அது. ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை படிப்பான். மூன்றாவது தடவை, சரியாகத்தான் படித்தோமா என்று சந்தேகப்படுவான்.

அவனை ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சபையில் சேர்த்துவிட்டவர் அத்தான், அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர். மூவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். அக்காவுக்கு அந்தச் சபைமேல் பெரிய மரியாதை கிடையாது.

"மேசன்னா கொத்தனார்தானே? குளியலறைச் சுவரு ரெண்டு வருஷமா விரிசல் விட்டுக் கெடக்கு. ஒரு வீட்டுல ரெண்டு கொத்தனார் இருந்து என்ன பிரயோஜனம்?"

"நாங்க மனசைக் கட்டுற கொத்தனாருங்கம்மா" என்பார் அத்தான்.

"அப்ப மனசுக்குள்ளயே குளிச்சுக்கங்க."

சபையில் பதினான்கு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, மூலைமட்டமும் கவராயமும் வைத்த மேசை, இடுப்பில் வெள்ளை ஏப்ரன், கையில் வெள்ளைக் கையுறை. உண்மை, ஈகை, சகோதர அன்பு என்று பெரிய வார்த்தைகளைப் பெரியவர்கள் குரல் நடுங்கச் சொல்லும்போது வெளியாள் யாராவது பார்த்தால் சிரிப்பு வரலாம். உள்ளே நிற்பவனுக்கு வராது.

அந்தச் சபைக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பமில்லாத சகோதரர் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவர் கை ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக, கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். முறை முடிந்து எழுபவர், வருபவரின் கைக்குள் அந்தக் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நோயாளி பிழைத்தால் "போதும், போங்க" என்று அவரே சொல்வார். உயிர் போனால், அந்த நேரத்தில் கையைப் பிடித்திருப்பவர் "விடை, சகோதரரே" என்று சொல்லி, கையை நெஞ்சின்மேல் வைக்க வேண்டும். அதோடு முறை முடிந்தது.

பூட்டுக்காரர் சபையின் வாயிற்காவலர். நுரையீரல் கெட்டு, கடைக்கு மேலிருந்த அறையில் படுத்திருந்தார். ஐம்பது வருடம் அரம் பிடித்த கை. படுக்கையில் கிடந்தபோதும் அந்தப் பிடியில் விரல் நோகும். "என் கையில சிக்கினது எதுவும் தானா கழண்டதில்ல தம்பி" என்று மூச்சு வாங்கச் சிரிப்பார்.

பட்டியல் எழுதும் பொறுப்பு அவனுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கொடுத்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவன் மரப்படி ஏறும்போதே இரும்பு வாசனையும் எண்ணெய் வாசனையும் வழக்கம்போல எதிர்கொண்டன. அறையில் விளக்கு எரிந்தது. அவனுக்கு முந்தைய முறைக்காரரான தையற்காரர் இல்லை. நாற்காலி காலியாக, கட்டிலோடு ஒட்டிப் போட்டபடி இருந்தது.

பூட்டுக்காரரின் வாய் திறந்திருந்தது.

வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி. விரல்கள் பாதி மடங்கி. யாரோ பிடிக்க வருவதற்காக வைத்திருந்ததுபோல.

அவன் பிடிக்கவில்லை. தொடவே பயந்து, கதவோரமாகவே நின்றான். எவ்வளவு நேரம் என்று பின்னால் எண்ணிப் பார்த்தபோது சரியாக விளங்கவில்லை. பிறகு ஒரு பென்சிலால் அந்தக் கையைத் தள்ளி நெஞ்சின்மேல் ஏற்றினான். பட்டியலை எடுத்து, தன் பெயருக்கு நேராக, "ஆறு மணி முதல். ஆறு நாற்பதுக்கு உயிர் பிரிந்தது. விடை கொடுக்கப்பட்டது. முறை நிறைவு" என்று அழகாக எழுதினான். அடுத்த வரியில் எட்டு மணிக்கு அத்தானின் பெயர் இருந்தது. அவர் வர வேண்டியதில்லை என்று ஆள் அனுப்பினான்.

நோட்டில் எழுதிய சிறு பிழைக்குப் பின்னால் இருந்தது இவ்வளவு.

வெள்ளிக்கிழமை மாலை சபை கூடியது. கடைசியில் எல்லாரும் வட்டமாக நின்று, கண்ணை மூடி, கைகோத்துக்கொள்வது வழக்கம். அவனுக்கு இடப்பக்கம் தையற்காரர், வலப்பக்கம் அத்தான். தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்மில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்குவோம்."

அத்தானின் கை அன்று கரடுமுரடாக இருந்தது.

கட்டைவிரல் அடியில் ஒரு பழைய காய்ப்பு. ஸ்டீயரிங் பிடிப்பவர் கைதானே என்று நினைத்துக்கொண்டான். பிறகு இரும்பு வாசனை வந்தது.

அவன் கண்ணைத் திறந்தான்.

அத்தான் பக்கத்தில் இல்லை. ஓர் ஆள் நிற்கும் அளவு தள்ளி நின்றார். அவரும் கண்ணைத் திறந்திருந்தார். அவருடைய இடது கை இந்தப் பக்கம் நீண்டு, வெற்றிடத்தில் எதையோ பற்றியிருந்தது. அவனுடைய வலது கை அந்தப் பக்கம் நீண்டு, அதேபோல் பற்றியிருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் மூன்று தரைக் கட்டங்கள், கறுப்பு, வெள்ளை, கறுப்பு.

"மச்சான்" என்று அத்தான் உதட்டை மட்டும் அசைத்தார். "இது நீ இல்லையே."

பிடி அவன் கையை விட்டது. அத்தானை விடவில்லை. இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது. அவர் தோள் ஒரு குலுங்கு குலுங்கியதில் அவனுக்கு அது தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் தலைவர் அவனைத் தனியே அழைத்தார். வட்டத்தில் இருந்த இடைவெளியை அவரும் பார்த்திருந்தார்.

"விடை கொடுத்தீங்கதானே, சகோதரரே?"

தன்னைச் சேர்த்துவிட்டவர் அத்தான், அவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்தான்.

"கொடுத்தேன்."

வீட்டில் அத்தான் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தார். வலது கை பக்கவாட்டில் நீண்டு, நாற்காலி இல்லாத இடத்தில் நின்றது.

"கைய எடுங்க, சாப்பாடு ஆறுது" என்றாள் அக்கா.

"எடுக்க முடியல."

"பஸ் ஓட்டும்போதுதான் கை காட்டுறீங்கன்னா வீட்டுலயுமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை அசையவில்லை. அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "என்னங்க இது, இவ்வளவு சில்லுனு இருக்கு?"

சனிக்கிழமை காலையிலும் கை அப்படியேதான் இருந்தது. இழுத்தால் வராது. ஆனால் அவர் எழுந்து நடந்தால் கூடவே வந்தது, ஒரு குழந்தையைக் கூட்டிப் போவதுபோல. மருத்துவமனையில் நரம்புப் பிடிப்பு என்று சொல்லி ஊசி போட்டார்கள். ஞாயிறு காலையில் அவருடைய விரல் நுனிகள் நீலமாகியிருந்தன. புறங்கையில் நான்கு பள்ளங்கள் தெரிந்தன. அவை கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாயின. வென்னீர்ப் பையை வைத்து ஒற்றிக்கொண்டே அக்கா கேட்டாள்: "தம்பி, இந்தக் கை போச்சுன்னா இவருக்கு வண்டி யாருடா தருவாங்க? உங்க சபையில என்னதான் நடந்துச்சு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பல் டாக்டர் வீட்டுக்குப் போனான்.

எல்லாவற்றையும் சொன்னான். ஆறு இருபது, பென்சில், பொய். சொல்லும்போதும் தேதி, நேரம் எல்லாம் வரிசையாகச் சொன்னான். வேறெப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

தலைவர் தையற்காரரை வரவழைத்தார். அவர் வந்து, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஆறு அஞ்சு பஸ்ஸ விட்டா அடுத்தது ஒன்பதுக்குத்தான். ரெண்டு நிமிஷத்துல தம்பி வந்துடுவான்னு நெனச்சு, கைய மெத்தைமேல வச்சேன். அவரு பிடிய விடல. ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்துட்டுத்தான் போனேன்."



"இப்ப நான் போய் விடை சொல்லிடறேன் ஐயா" என்றான் அவன். "நாந்தானே சொல்லாம விட்டது."

தலைவர் இல்லையென்று தலையசைத்தார். "உயிர் போற நேரத்துல கைய யாரு பிடிச்சிருந்தாங்களோ அவங்கதான் சொல்ல முடியும். அந்த நேரத்துல யாரும் பிடிச்சிருக்கலையே. நீங்க சொல்லவும் முடியாது, நான் சொல்லவும் முடியாது."

"அப்ப அத்தானுக்கு?"

"உங்க முறை முடிஞ்சதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. அடுத்த பேரு அவரோடது. அவருக்கு அடுத்து எந்தப் பேரும் இல்ல. கை மாத்த யாரு வருவாங்கன்னு பூட்டுக்காரர் பாத்துக்கிட்டிருக்காரு."

"எத்தனை நாளைக்கு?"

பல் டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருடைய பயத்தை 'ஒண்ணுமில்ல, வாயத் திறங்க' என்று ஆற்றியவர் அவர். இப்போது அப்படி எதுவும் சொல்லவில்லை.

"விடுற வரைக்கும் பிடிச்சுக்கறதாத்தானே சத்தியம் பண்ணியிருக்கோம். பதிமூணு பேர் இருக்கோம்."

தையற்காரர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நான் போயிட்டேன்னா, பன்னெண்டு பேரா? இல்ல, என் கையையும் சேத்துப் பிடிக்கணுமா?"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது யாருக்கும் அது வேடிக்கையாக இல்லை, அவருக்கும்.

மூவரும் அவன் வீட்டுக்கு வந்தார்கள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அக்கா கதவோரம் நின்றாள். அவன் அத்தானுக்கு எதிரே மண்டியிட்டு, அவருடைய நீலம் பாரித்த விரல்களுக்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டினான்.

"வேணாம் மச்சான்" என்றார் அத்தான். "நீ சின்னப் பையன்."

"முறை என்னோடது அத்தான். நான் முடிக்கவே இல்ல."

காற்றுதான் இருந்தது.

பிறகு கனம் வந்தது.

முதலில் காய்ப்பு. பிறகு ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், அவன் விரல்களுக்கு நடுவே நுழைந்தன. அத்தானின் கை மேசைமேல் பொத்தென்று விழுந்தது. அக்கா ஓடிவந்து அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தம்பி யாரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

அவன் காதருகே யாரோ மூச்சு வாங்கினார்கள். நெடுந்தூரம் படியேறி வந்தவர் உட்கார இடம் கிடைத்ததும் விடும் மூச்சு.

"விடை, சகோதரரே" என்று கிசுகிசுத்துப் பார்த்தான்.

பிடி இறுகியது.

அன்று மாலையே பதிமூன்று பேரும் பட்டியலுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒருவர் அழுதார். பேரன் பிறந்து நாலு நாள்தான் ஆகிறது, அவனைத் தூக்க இடது கை போதுமா என்று இன்னொருவர் கேட்டார். அத்தான் தன் பெயரை இடது கையால் தானே எழுதினார். பகலிலும் இரவிலும் இரண்டிரண்டு மணி நேரமாக, விடுப்பில்லாமல், கட்டத்துக்குக் கட்டம் பெயர் நிரம்பியது. இவ்வளவு நல்ல மனிதர்கள் நடுவில் இருக்கிறோமே என்று அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"மார்ச் 15, ஞாயிறு. கையெழுத்து கோணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். எட்டு மணிக்குப் பல் டாக்டர் வந்து மாற்றிக்கொள்வார். இப்போது ஏழு ஐம்பது. நான் எழுதுவதைப் பூட்டுக்காரரும் பார்க்கிறார்போல் இருக்கிறது. வரி முடியும்போதெல்லாம் விரலை ஒருமுறை அழுத்துகிறார்.

நாளைக்கு: பட்டியல் இந்த மாதத்துக்குத்தான் எழுதியிருக்கிறது. கட்டம் போட்ட தாள் வாங்கி வந்து வருடக் கடைசி வரை எழுத வேண்டும்."