பினாங்கிலிருந்து வந்தவர்

ஆட்டோ ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் திரும்பியபோது கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். மே மாத நண்பகல். பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆனாலும் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று உடம்பு கூசியது.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஓவிய வாத்தியார் கஸ்பாரைத் தெரியாதவர் குறைவு. அந்த 2001 கோடை விடுமுறை முழுக்க மனைவி ஆனந்தமேரியோடு பினாங்கில், அவளுடைய தம்பி வீட்டில் தங்கிக் கடலும் ஊருமாகச் சுற்றப்போவதாக, மாதா கோயில் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். தெருவே கூடி வழியனுப்பியது. சென்னை விமான நிலையத்தில் விசா போலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏஜெண்ட் ஏமாற்றியிருந்தான்.

"வீட்டுக்கே போயிருவோங்க. நாலு பேரு கேப்பாங்க, அம்புட்டுத்தான?" என்றாள் ஆனந்தமேரி.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

சிநேகிதர் கண்ணுசாமியின் தோப்பு வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வைக்கும் இடம் கஸ்பாருக்குத் தெரியும். விடுமுறை முடியும்வரை அங்கே ஒளிந்திருந்துவிட்டு, பினாங்கு போய் வந்ததாகவே ஊர் திரும்புவது என்று கஸ்பார் முடிவு செய்தார்.

பொழுது போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரில் சொல்லவேண்டியதை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய படகு. மலைமேல் ஏறும் ரயில். சாயங்காலம் கடற்கரையில் நடந்தது.

"எங்க, நீ சொல்லு பாப்போம்."

"பொய்ய மனப்பாடம் பண்ணச் சொல்றீங்களே, வெக்கமா இல்லையா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கடலைப் பார்க்க அவ்வளவு ஆசை. கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். சொல்லச் சொல்லக் கண்ணுக்குள் எல்லாம் விரிந்தது.

ஒரு மதியம் சொல்லிக்கொண்டிருந்தபோது காற்று நின்றது. ஓலைகள் அசையவில்லை. ஆனால் சத்தம் மட்டும் வந்தது. எழுந்து, விழுந்து, பின்வாங்கும் சத்தம்.

காய்ந்த செம்மண் காட்டில் உப்பும் மீனும் கலந்த வாடை.

ஆனந்தமேரி மெல்லக் கேட்டாள். "ஏங்க, அலதான அது?"

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

பினாங்கிலிருந்து பேசுவதுபோல ஊருக்கு ஒரு போன் போட்டுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று, மறுநாள் காலை ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் ஏறினார். தெரிந்தவர் இல்லாத எஸ்.டி.டி. பூத்தாகப் பார்த்து நுழைந்து, அடுத்த வீட்டு மரியசெல்விக்கு போன் போட்டார்.

"செல்வி, கஸ்பார் பேசுறேன். பினாங்குலருந்து."

"என்னண்ணே, இப்பத்தான பேசிட்டு வச்சீங்க?"



"நானா?"

"படகுல யாரோ ஒரு அம்மா கொடைய கடல்ல விட்டதச் சொல்லிச் சிரிச்சீங்களே! பின்னால அலைச்சத்தம் அப்பிடிக் கேட்டுச்சு. இப்ப ஒண்ணையும் காணோம்."

குடைக் கதையை அவர் முந்தின இரவுதான் கட்டியிருந்தார். தோப்பில். மனைவிகூடப் பக்கத்தில் இல்லை.

"அக்காட்ட குடுங்கன்னு கேட்டேன்," என்றாள் மரியசெல்வி. "இன்னும் வந்து சேரலன்னீங்க. ஏண்ணே, ஒண்ணாத்தான போனீங்க?"

கஸ்பார் போனை வைத்துவிட்டார்.

தோப்புக்குத் திரும்பி மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் பயப்படுவாள் என்று நினைத்தார். அவள் கேட்டுவிட்டு, வாசலில் போய் நின்று காற்றை முகர்ந்தாள்.

"உண்மையச் சொல்லிருவோம் மேரி. காறித் துப்புனாலும் சரி. வீட்டுக்குப் போவோம்."

"போவோம்," என்றாள். அவள் கண்கள் அவரைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் மேட்டுப்பட்டித் தெருவில் இறங்கினார்கள். குழாயடியில் நின்ற மரியசெல்வி குடத்தை அப்படியே வைத்தாள்.

"அண்ணே, எப்ப வெளிய போனீங்க?"

கஸ்பார் கண்களை மூடிக்கொண்டார். "செல்வி, நாங்க பினாங்குக்கே போகல. அம்புட்டும் பொய்."

அவள் சிரித்தாள். "வெளையாடாதீங்க. நேத்து மத்தியானம் வந்து தெரு பூராவும் சாக்லேட்டு குடுத்தது யாரு? அக்கா எங்கன்னு கேட்டதுக்கு, பின்னால வாரான்னீங்க. இந்தா, அக்காவும் வந்துட்டாங்க."

கஸ்பார் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பூட்டு இல்லை.

நெருங்கியபோது கதவு தானாகத் திறந்தது. உள்ளே இருட்டு. வெளியே தீயாய் வெயில் அடிக்க, உள்ளிருந்து ஈரக்காற்று முகத்தில் மோதியது.

"மேரி, வந்துட்டியா?"

அது அவருடைய குரல். ஆனால் அதில் கூச்சம் இல்லை. எதையும் மறைக்காதவனின் குரல்.

"வா. கடல் எப்பிடி இருக்குன்னு பாரு."

ஆனந்தமேரி கணவனை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். எந்த உரிமையில் நிறுத்துவது என்று தோன்றிய அந்தக் கணத்திலேயே எல்லாம் முடிந்துபோனது.

"வாரேங்க," என்றபடி அவள் படியேறினாள்.

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவள் சிரிப்புக் கேட்டது. சிரிப்புக்கு அடியில் அலை.

கஸ்பார் கதவைத் தட்டினார்.

சிரிப்பு நின்றது. ஈரக் காலடிகள் கதவுவரை வந்தன.

"யாரு?" என்றது அவர் குரல்.



அவருக்குச் சொல்லப் பெயர் வரவில்லை.