நாலரைக்கு வந்த வண்டி

நாலு நாற்பத்தொன்றுக்கு வர வேண்டிய வண்டி நாலரைக்கே வந்து நின்றது.

ஷிஹோ முதலில் தன் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு காத்திருப்பு அறையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதிலும் நாலரை. பனி கொட்டுகிற பிப்ரவரியில் இந்த மலைத்தடத்தில் வண்டிகள் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். ஆனால் நேரத்துக்கு முன்னால் வந்த வண்டியை அவள் தன் நாற்பத்தாறு வயதில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அரை நிமிடம் முந்திக் கிளம்பினால்கூட மறுநாள் ரயில்காரர்கள் அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்பார்கள். தவிர, வண்டி வருவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லும். மதியம் எதிர்த்திசை வண்டிக்குச் சொன்னது. இப்போது சொல்லவில்லை. தண்டவாளம் அதிர்கிற ஓசையும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே வெறும் பனியாக இருந்த இடத்தில், ஒற்றைப் பெட்டி ஒன்று விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது.

"சுமிரே! வண்டி வந்துடுச்சு!"

தங்கை நடைமேடையின் கோடியில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் மேல் போகும் இரும்புப் பாலம் முழுசாகத் தெரியும். அவள் முகத்தில் கேமரா இருந்தது. திரும்பவில்லை.

அவர்கள் இறங்கியிருந்த இந்தக் குரேதானிக்குச் சாலை கிடையாது. அணை கட்டியபோது கீழே இருந்த பன்னிரண்டு வீடுகளும் போய், இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே நிலையம் மட்டும் மிஞ்சியது. ரயிலில்தான் வரலாம், ரயிலில்தான் போகலாம். அதற்காகவே இங்கே வந்து இறங்குகிறவர்கள் உண்டு. சுமிரே அந்த ரகம்.

"இந்தப் பாஸுல மூணு நாளைக்கு எத்தனை தடவ வேணா ஏறலாம், எறங்கலாம்க்கா. எறங்காம போனா பாஸுக்கே அவமானம்" என்று மதியம் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டாள்.

"என் முட்டிக்கு அவமானமில்லயா?"

"உன் முட்டிக்குத் தனி பாஸ் வாங்கலையே."

ஷிஹோ சிரித்துவிட்டாள். நான்கு வருடத்துக்குப் பிறகு தங்கையோடு சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது. அப்பாவின் சாவுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. படுக்கையில் கிடந்தவரை இரண்டு வருடம் ஷிஹோ ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். சுமிரே கடைசி நாள் வந்தாள், சாம்பல் எடுத்ததும் போனாள். இந்த ஜனவரியில் திடீரென்று ஒரு தபால் உறை வந்தது. உள்ளே இந்த வட்டார ரயில்களில் மூன்று நாள் சுற்றும் பச்சை நிறப் பாஸ் ஒன்று. கூடவே ஒரு துண்டுத்தாள். 'வாக்கா.' அவ்வளவுதான்.

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. இன்று, மூன்றாம் நாள், இந்த அறையில் உட்கார்ந்து நண்டுச் சோறு சாப்பிடும்போது சுமிரே சொன்னாள்: "அப்பாவுக்கு இந்த எடம் ரொம்பப் புடிச்சிருக்கும்."

"அவருக்கு என்ன புடிக்கும்னு உனக்கெப்படித் தெரியும்? நீதான் கடைசி நாள் வந்தவளாச்சே."

சொன்ன பிறகுதான் ஷிஹோவுக்கே காதில் விழுந்தது. சுமிரே பாதிச் சோற்றை மூடி, ரப்பர் வளையத்தைப் போட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள். அதிலிருந்து ஷிஹோ ஒரு மன்னிப்பு வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக் கட்டிக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வண்டி. இதை விட்டால் அடுத்தது ஏழு இருபதுக்கு. ஷிஹோ பையைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி ஓடினாள். பின்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கதவை மூடவிடாமல் வைத்திருக்கலாம் என்று ஒரு காலை உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் கத்தினாள். "சுமிரே! ஓடி வா!"

கதவு பின்னால் வந்து அவளை மெல்ல உள்ளே தள்ளி மூடிக்கொண்டது.

"ஓட்டுநரே! இன்னொருத்தர் இருக்காங்க!"

வண்டி நகர்ந்தது. நடைமேடை பின்னால் போயிற்று. கோடியில் சுமிரே. ஷிஹோ கண்ணாடியில் உள்ளங்கையால் படபடவென்று அடித்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. சுமிரேவின் இமை மயிரில் பனித்துகள் ஒட்டியிருந்தது வரை தெரிந்தது. சுமிரே கேமராவை இறக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, வண்டி வருகிறதா என்று பார்ப்பது போல, எதிர்ப்பக்கச் சுரங்கத்தை எட்டிப் பார்த்தாள்.

பாலம் கடந்தது. சுரங்கம் விழுங்கியது.

ஷிஹோ திரும்பினாள். பெட்டி நிரம்பியிருந்தது. இந்தத் தடத்தில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து அவள் பார்க்கவில்லை; இங்கே முப்பது பேராவது இருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் ஊர் சுற்ற வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது: முதுகுப் பைகள், மடித்த வரைபடங்கள், பலகாரக் கடைக் காகிதப் பைகள், கழுத்தில் தொங்கும் கேமராக்கள். யாரும் பேசவில்லை. ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இருவர் உட்காரும் இருக்கை ஒன்று மட்டும், நடுவில், காலியாக இருந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கிப் பேசிக்கொள்ளலாம். யாராவது போன் செய்து ஏற்பாடு செய்வார்கள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு, முட்டி தாங்காமல், அந்த இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தாள். கைப்பேசியில் சிக்னல் இல்லை. சுரங்கத்துக்குள் எப்படி இருக்கும்?

காத்திருந்தாள். சக்கரச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மதியம் வந்த வண்டியில் ஈரக் கம்பளி வாசனை, டீசல் வாசனை, யாரோ உரித்த ஆரஞ்சின் வாசனை, இருக்கைக்கு அடியிலிருந்து கணுக்காலைச் சுடுகிற வெப்பம், எல்லாம் கலந்து மூச்சை அடைத்தது. இங்கே, இத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தும், துடைத்துவைத்த காலி அலமாரியைப் போல ஒரு வாசனையும் இல்லை. வெப்பமும் இல்லை. அதைவிட வேறு ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. அது என்னவென்று பிடிபட அவளுக்குச் சில நிமிடங்கள் ஆயின.

ஜன்னல்கள் தெளிவாக இருந்தன.

வெளியே உறைபனி. உள்ளே முப்பது பேர். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளுத்திருக்க வேண்டும். ஒன்றில்கூட இல்லை. அவள் பக்கத்தில், அவள் வாய்க்கு நேராக மட்டும், உள்ளங்கையளவு ஒரு வெண்திட்டு வந்து வந்து மறைந்தது.

எதிரே இருந்தவர் மார்பைப் பார்த்தாள். ஐம்பது வயது மனிதர், தடித்த மேலங்கி. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. அவர் மடியில் விரித்த கைமேல் ஒரு பாஸ் இருந்தது. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம். இப்போது வெயிலில் கிடந்த இலையின் நிறம். முத்திரையைப் படித்தாள். ஹெய்செய் ஐந்தாம் ஆண்டு, அதாவது 1993, பிப்ரவரி. சுமிரே முதல் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது.

அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். அவள் கையிலும் ஒரு பாஸ். ஹெய்செய் பதினெட்டு, 2006. இருவர் பாஸிலும், முத்திரைக்குக் கீழே, மூன்றாம் நாளின் கட்டத்தில் ஓட்டை போடப்பட்டிருந்தது.

"என்னங்க," என்றாள் ஷிஹோ. "இந்த வண்டி எங்க போகுதுங்க?"

அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் நகர்ந்தன. தலை நகரவில்லை. கண்கள் ஷிஹோவிடம் வந்து, நிறைந்து, வழிந்தன. அதே நேரத்தில் அவள் உதடுகள் மரியாதையாகப் புன்னகைத்தன.

ஷிஹோ எழுந்து ஓடினாள். கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். இடையில் சிவப்பு அவசரப் பொத்தான் ஒன்றைப் பார்த்து அழுத்தினாள். அது உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேல் பலகையில் எழுத்துகள் எரிந்தன: அடுத்த நிலையம், குரேதானி.

இப்போதுதானே குரேதானியிலிருந்து வந்தது?

ஓட்டுநர் முதுகு நிமிர உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கையுறை விரல் இருட்டில் எதையோ சுட்டியது. "முன்னே வழி சரி," என்று தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டார். முன்னே வழி எதுவும் தெரியவில்லை. வண்டியின் முன்விளக்கு எரியவே இல்லை.

"நிறுத்துங்க! நான் எறங்கணும்."

"பாஸ் வச்சிருக்கீங்களாம்மா?" அவர் திரும்பவில்லை. பழகிய, களைத்த, நல்ல குரல்.

அவள் பாஸை நீட்டிக் காட்டினாள். எங்கிருந்தோ ஒரு 'கிளிக்' கேட்டது. பார்த்தபோது மூன்றாம் நாளின் கட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

"அப்ப நீங்க எறங்கணும்னு அவசியமே இல்லீங்களே."

"என் தங்கச்சி தனியா நிக்கறா! இருட்டப் போகுது, பனி கொட்டுது. அவகிட்டயும் இதே பாஸ்தான் இருக்கு, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான்…"

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எதற்காகப் பொத்தினாள் என்று அவளுக்கே அந்தக் கணம் தெரியவில்லை.

ஓட்டுநர் தலையைச் சற்றே தாழ்த்தினார். "அப்படிங்களா. சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. அவங்களையும் கூட்டிக்கலாம்."

"வேணாம்."

"தயவுசெஞ்சு இருக்கையில உக்காருங்க. வண்டி ஆடும்."

"வேணாங்க. அவ வேணாம். அவ வர வேணாம்!"

அவள் கால்கள் திரும்பின. அவள் திருப்பவில்லை. கால்கள் திரும்பி, நிதானமாக, நொண்டாமல், நடைபாதை வழியே நடுவில் இருந்த இருக்கைக்குப் போயின. ஆறு வருடமாகக் கூடவே இருந்த முட்டிவலி இல்லை. வலி இருந்த இடத்தைத் தேடினாள். முட்டியே இல்லாதது போல் இருந்தது. உட்கார்ந்தாள். உட்கார வைக்கப்பட்டாள். கைகள் மடிமேல் வந்து விரிந்தன. விரல்களுக்கு நடுவில் பாஸ்.

கைக்கடிகாரம் கண்ணில் படும்படி இருந்தது. ஐந்து பத்து. ஐந்து நாற்பது. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய சுரங்கம். ஆறு. கழுத்தைத் திருப்ப முடிகிறதா என்று பார்த்தாள். முடியவில்லை. விரலை அசைக்க. முடியவில்லை. கண் மட்டும். கண்ணை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

ஆறு பன்னிரண்டு.

சுரங்கம் முடிந்தது.

பனி. நடைமேடை விளக்கு ஒன்று. அதன் கீழே ஒரு சின்ன வெளிச்சம் அலைந்தது. கைப்பேசி வெளிச்சம். அதன் பின்னால் சுமிரே. தலையிலும் தோளிலும் அங்குலக் கணக்கில் பனி. தொப்பி இல்லை. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. காத்திருப்பு அறையைச் சுற்றி, தண்டவாளம் வரை, பள்ளத்தாக்கின் விளிம்பு வரை, போயும் வந்தும் காலடிகள் பனியில் பாதையே போட்டிருந்தன.

வண்டி நின்றது. ஷிஹோவின் ஜன்னல் சரியாக அவளுக்கு நேராக.

இந்த முறை சுமிரே பார்த்தாள்.

"அக்கா!"

கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் மெல்லியதாக வந்தது. அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள்.

"எங்கக்கா போய்த் தொலைஞ்ச? உன்னத் தேடிக்கிட்டு அந்த நாலு நாப்பத்தொண்ணு வண்டியையும் விட்டுட்டேன்! ஓட்டுநரு ஏறு ஏறுன்னு கெஞ்சினாரு. எங்கக்கா இல்லாம ஏற மாட்டேன்னுட்டேன். பள்ளத்துல விழுந்துட்டியோன்னு… நான் செத்தே போயிட்டேன் தெரியுமா!"

ஏறாதே.

ஷிஹோ தன் முழு பலத்தையும் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். ஏறாதே சுமிரே. ஓடு. தொண்டை அசையவில்லை. உதடுகள் அசைந்தன. மேல்நோக்கி வளைந்தன. புன்னகை.

சுமிரேவுக்கு அது போதுமாயிருந்தது. மன்னிப்பு கிடைத்த குழந்தையைப் போல அவள் முகம் மலர்ந்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, பச்சைப் பாஸை எடுத்து, உயர்த்தி ஆட்டிக் காட்டியபடி கதவை நோக்கி ஓடினாள். கதவு திறந்திருந்தது.

ஷிஹோவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. எதிரே இருந்த கல்லூரிப் பெண்ணின் கண்களிலிருந்தும். பெட்டி முழுக்க, முப்பது முகங்களில், புன்னகைகளின் மேல்.

படியில் ஒரு காலடி கேட்டது. பனியை உதறுகிற சத்தம்.

ஷிஹோவின் வலது கை தானாக எழுந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. பிறகு, காலியான அந்த இடத்தை, தங்கைக்காக, இரண்டு முறை மெதுவாகத் தட்டிக் காட்டியது.