சூடேறிய வார்

கடிவாள வார் வெதுவெதுப்பாக இருந்தது.

ஹல்டோரா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தை ஸ்வாவாவுக்கு ஞானஸ்நானம் முடிந்து, விண்ணிப்பெக் ஏரியோரமாகப் பண்ணைக்குத் திரும்பும் வழி முழுக்க அவளுக்கு எரிச்சல்தான். கணவன் எகில் பலகையடித்துக் கட்டிய பனிச்சறுக்குக் கூண்டு வண்டியில் அடுப்பு இருந்ததே தவிரச் சூடு இல்லை. தணல் சிவந்து கிடந்தும் ஈரக் கம்பளி காயாமல் நாறியது, துணி சுற்றிக் காலடியில் வைத்த சுட்ட செங்கல் பாதி வழி தாண்டுமுன்பே ஆறிப்போனது, முன்கண்ணாடியைச் சுரண்டச் சுரண்ட அவள் மூச்சே மறுபடி பனியாகப் படிந்தது. கண்ணாடிக்குக் கீழிருந்த இடுக்கு வழியாகக் குதிரைகளுக்குப் போகும் வார் எப்போதும் விறைத்துத்தான் கிடக்கும். இன்று, யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பிடித்திருந்தது போன்ற சூடு.

"எகில், இந்த வாரைத் தொட்டுப் பாரேன்."

"ஒனக்குக் கை மரத்துப் போச்சு, அதான்."

"மரத்த கைக்குச் சூடு தெரியுமாக்கும்? பெருசா வண்டி கட்டினியே! எருமத்தோலப் போத்திக்கிட்டுத் திறந்த வண்டியிலயே போயிருக்கலாம்."

"போன வாட்டி மூக்கு விறைச்சுப் போச்சுன்னு ஒப்பாரி வெச்சது யாரு?" அவன் இன்னொரு கட்டையை அடுப்பில் திணித்தான். தீ குபுகுபுவென எழுந்தது. குளிர் இன்னும் ஏறியது.

வார் லேசாக வெளிப்பக்கம் இழுபட்டது. அவள் உள்ளே இழுத்தாள். அது மறுபடி இழுத்தது, பொறுமையாக.

அப்போதுதான் கவனித்தாள். குதிரைகளின் கழுத்துமணிச் சத்தம் நின்றிருந்தது. வண்டியின் சறுக்குக் கட்டைகள் பனியில் கிறீச்சிடும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"குதிரை பூட்டுன கட்டு கழண்டிருக்கும். சனியன் பிடிச்ச வண்டி!" எகில் பின்கதவைத் திறந்து குதித்தான். கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது.

அவள் காத்திருந்தாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அவன் குரல் பின்னாலிருந்து வந்தது. வெகு தூரத்திலிருந்து.

"ஹல்டோரா! வண்டிய நிறுத்து! குதிரைங்க இங்கதான் நிக்குதுங்க!"

அவள் வாரைக் கையிலிருந்து உதறினாள். நகத்தால் கண்ணாடியைச் சுரண்டினாள். வெளுப்பு. இருட்டும் வெளுப்பும். அதற்குள் விறைப்பாக நீண்டு மறையும் இரண்டு வார்கள்.

எகிலின் குரல் மறுபடி கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

வண்டி நின்றது.

அடுப்புக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது போலிருந்தது. தணல் கறுத்தது. புகைகூட இல்லை. அவள் கூடையிலிருந்த குழந்தையை வாரியெடுத்து, மேலங்கிப் பொத்தான்களை அவிழ்த்து, நெஞ்சோடு வைத்து மூடினாள். குழந்தையின் பாதங்கள் பனிக்கட்டி. அதன் நெஞ்சு மட்டும் கதகதவென்றிருந்தது.

இடுக்கு வழியாக வார் மெல்ல உள்ளே சரிந்து விழுந்தது. அதன் பின்னால் விரல்கள். கறுத்து, உறைபனி பூத்த விரல்கள். ஒரு கை. இன்னொன்று. அதற்கு மேல் மூன்றாவது.

அடுப்பின் முன் விரிந்தன. சற்று நேரம் அப்படியே இருந்தன. பிறகு அதை விட்டுத் திரும்பின.

அவள் பின்கதவோடு ஒட்டினாள். கதவு அசையவில்லை. இடப்பக்கம் நகர்ந்தாள். வலப்பக்கம் நகர்ந்தாள்.

அவள் போன பக்கமெல்லாம் உள்ளங்கைகள் மெல்லத் திரும்பின, விரித்தபடி, குளிர்காய்கிறவர்களைப் போல.