பள்ளத்தில் குறி காட்டுபவர்

சுட்ட பிறகு இலக்குப் பலகை கீழே இறங்கியது.

ஆர்விட் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்காமல் பாயில் அப்படியே படுத்துக் கிடந்தார். இருநூறு கஜம் தள்ளி, மண்மேட்டுக்கு முன்னால், வெள்ளைக் காகிதம் ஒட்டிய மரச்சட்டம் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் சீராக இறங்கி மறைந்தது. கப்பி கிறீச்சிடும் சத்தம் ஏரிக்காற்றோடு சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. பள்ளத்தில் நிற்கும் ஒருவர் காகிதத்தைப் பார்த்து, குண்டு போன ஓட்டையில் அட்டை வட்டத்தைச் செருக எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் கழித்துச் சட்டம் மறுபடி மேலே வந்தது. நடுக் கறுப்பில், கொஞ்சம் வலது பக்கமாக, ஒரு வெள்ளை வட்டம்.

பள்ளத்தில் ஆள் இல்லை. வெளிக்கதவின் பூட்டை அவர்தான் திறந்தார். சரளைக்கல் மைதானத்தில் அவருடைய டிரக் மட்டும் நின்றது. கயிறு இற்றுப்போயிருக்கும், எதிரெடை நழுவியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அட்டை வட்டம் எப்படி வந்தது என்பதற்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

நண்பர் ரெய்னோ உயிரோடு இருந்தவரை அந்தப் பள்ளம் காலியாக இருந்ததில்லை. ஊரில் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் இங்கேதான். ஒருவர் சுடுவார், மற்றவர் பள்ளத்தில் நின்று சட்டத்தை இறக்கி ஏற்றிக் குறி காட்டுவார். பிறகு இடம் மாறுவார்கள். தவறிப்போனால் பள்ளத்திலிருந்து சிவப்புக் கொடி ஆடும். ரெய்னோ கொடியோடு நிறுத்துகிற ஆளில்லை.

"டேய் ஆர்விட், அடுத்த தடவ பெட்ஷீட்டக் கட்டி வைக்கிறேன்டா! அதுலயாவது படுதா பாப்போம்!"

ஏப்ரல் மாதம், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரெய்னோ சோபாவில் உட்கார்ந்தபடி போய்விட்டார். அதன் பிறகு ஆர்விட் தனியாகச் சுட்டார், தனியாக நடந்துபோய்க் காகிதத்தைப் பார்த்தார், தனியாகத் திரும்பினார். நன்றாகச் சுட்டதைப் பார்க்க ஆளில்லாதது கூடப் பரவாயில்லை. மோசமாகச் சுடும்போது கேலி செய்ய ஒருவர் இல்லாததுதான் தாங்கவில்லை. வீட்டிலும் அதே கதைதான். இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி ஒன்றைச் சூடாக்கினால் பாதி மறுநாளைக்கு மிஞ்சியது.

இந்தத் துப்பாக்கி ரெய்னோ கடைசியாக வாங்கியது. ரஷ்யக் குழலும் ஃபின்லாந்துக் கட்டையுமாக, ஏதோ ஒரு போரைப் பார்த்துவிட்டு வந்த பழைய சாமான். ஜூன் மாதம் ரெய்னோவின் மனைவி லெம்பி அதைப் போர்வையில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்க, ஆர்விட். எங்க வீட்டுக்காரரு கடைசி ரெண்டு மாசம் இதத் தொடவே இல்ல. செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிருந்தாரு."

"அவனா? துப்பாக்கியத் தொடாம இருந்தானா?"

"கட்ட சூடா இருக்குன்னாரு. அடுப்புக்குப் பக்கத்துல வச்சா சூடாத்தானே இருக்கும்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்ல மனுஷன்."

கோடை முழுவதும் அவர் அதோடு மல்லுக்கட்டினார். பழைய பிசினைச் சுரண்டி எடுத்தார். கன்னம் பதியும் இடத்தில் ஆழமாக இருந்த பள்ளத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார். ஆவி பட்டால் நசுங்கிய மரம் உப்பி எழும். எழுந்தது. எழும்போது ஈரக் கம்பளியும் புகையிலையும் கலந்த ஒரு வாடை அடித்தது. காலையில் பார்த்தால் பள்ளம் மறுபடி அதே இடத்தில் இருந்தது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, மரத்துக்கும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார். ரெய்னோவின் பட்டறையில் கிடந்த பழைய பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துடைத்து, அளவுக்கு அழுத்தி, மருந்து நிறுத்துப் போட்டு, ஒரு சின்னப் பெட்டி நிறையத் தோட்டா செய்தார். நண்பன் முடிக்காமல் விட்ட வேலையை முடித்துக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது அந்தக் கட்டை அவர் கன்னத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒருவர் அப்போதுதான் முகத்தை எடுத்துவிட்டுப் போனது போல.

அவர் இன்னொரு தோட்டாவைப் போட்டார். வேண்டுமென்றே இடது பக்கம் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். செம்மண் தெறித்தது. காற்று நின்றிருந்தது. மண்மேட்டுக்குப் பின்னால் பைன் மரங்கள் அசையாமல் நின்றன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

சுவருக்கு மேலே சிவப்புக் கொடி எழுந்தது. இடமும் வலமுமாக நிதானமாக ஆடியது.

ஆர்விட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ஏழு மாதம் பேச்சுத்துணையில்லாமல் கிடந்த மனிதருக்குப் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது.

"அடப்பாவி," என்றார் சத்தமாக. "செத்தும் விடமாட்டியாடா நீ?"

போல்ட்டை இழுத்துத் திறந்து வைத்தார். குழல் காலிதானா என்று விரலை விட்டுப் பார்த்தார். பெட்டியில் நாலு தோட்டாக்கள் மிச்சமிருந்தன. பாயில் துப்பாக்கியை அப்படியே வைத்துவிட்டு, வலிக்கும் முழங்காலோடு புல்வெளியில் நடந்தார். வெளிச்சம் மஞ்சளாகச் சாய ஆரம்பித்திருந்தது.

பள்ளத்தில் யாரும் இல்லை.

ஈரச் சிமெண்ட் வாடை. வாடிய இலைகள். வரிசையாக நின்ற சட்டங்களில் துரு. கொடி சுவரில் சாய்ந்திருந்தது. பழைய ஓட்டைகளை ஒட்டி மூடும் பசை டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பசை ஈரமாக இருந்தது. அதை அவர் யாருக்காகவும் கலக்கவில்லை.

"ரெய்னோ?"

தலைக்கு மேலே காற்று சாட்டையாகக் கிழிந்தது. அதற்குப் பின்னால் வெடிச்சத்தம். பின்னால் மண்மேட்டில் குண்டு புதைந்தது.

அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது காகிதத்தில் புது ஓட்டை ஒன்று வெளிச்சமாகத் தெரிந்தது. கைகள் அவரைக் கேட்கவில்லை. கயிற்றை இழுத்துச் சட்டத்தை இறக்கின, அட்டை வட்டத்தைச் செருகின, ஏற்றின. ஆயுசு முழுவதும் செய்த வேலை. அவர் சுட்டார், அவன் குறி காட்டினான். இப்போது இடம் மாறியிருக்கிறார்கள். அவ்வளவுதானே?

"நல்லாத்தான் சுடுறே!" என்று கத்தினார். "உயிரோட இருக்கும்போது இப்படிச் சுட்டிருக்கக் கூடாதாடா!"

இரண்டாவது குண்டு முதல் ஓட்டையைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. மூன்றாவதும். நாலாவதும். ரெய்னோ இப்படிச் சுட்டதே இல்லை. இந்த ஊரில் யாருமே சுட்டதில்லை. ஆர்விட் ஒவ்வொன்றுக்கும் இறக்கினார், செருகினார், ஏற்றினார். தோட்டா தீர்ந்தது. இனி அமைதி. இனி அவன் நடந்து வருவான்.

ஐந்தாவது வெடித்தது.

அவர் செய்த தோட்டா இல்லை. ரெய்னோ செய்ததும் இல்லை.

அவர் சட்டத்தை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்த குண்டு சுவரின் விளிம்பில் பட்டது. சிமெண்ட் தூள் தொப்பியில் கொட்டியது.

இறக்கச் சொல்கிறது.

இறக்கினார். செருகினார். ஏற்றினார். வெடித்தது. இறக்கினார். பைன்களுக்குள் சூரியன் போய்க்கொண்டிருந்தது. வெளியே போகும் ஒரே படி, சுடும் இடத்துக்கு நேரே திறந்தது.

சுடும்போது தலை சுவருக்கு மேலே வரக் கூடாது. இந்த ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ஆர்விட்டுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாயில் படுத்திருப்பது அவன்தான் என்றால்? ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பிறகு ராத்திரி முழுக்க இறக்கி ஏற்றலாம்.

தொப்பியைக் கழற்றினார். சுவரில் கைகளை ஊன்றினார். எழுந்தார்.

ரெய்னோ இருந்தார்.

கட்டம் போட்ட கோட்டு, ஒரு பக்கம் சாய்ந்த தோள், சந்தேகமே இல்லை. பாயின் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் கீழே, கீழே என்று பைத்தியம் பிடித்தது போல் வீசிக்கொண்டிருந்தார். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

பாயில் படுத்திருந்தது வேறு யாரோ, பழைய பட்டாளக் கம்பளிக் கோட்டில். அது தலையைத் தூக்கி, சுவருக்கு மேலே தெரிந்த ஆர்விட்டின் முகத்தை ஒரு கணம் பார்த்தது. பிறகு கட்டையில் இருந்த அந்தப் பள்ளத்தில் அதன் கன்னம் மெதுவாக, சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.